மெழுகுவர்த்தி வேண்டாம்

ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

கடுகு எழுதுகிறேன். இங்கே நான் சுகம். இடுப்புதான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. உனக்கு முழங்கால் தேவலையா? அத்தான் இன்னும் அடிக்கோலும் கையுமாகத்தான் வீட்டுக்குள் நடமாடுகிறாரா?

விஷயத்துக்கு வருகிறேன். மே பதினெட்டாம் தேதி உனக்கு அறுபது முடிகிறது. மறந்த மாதிரி நடிக்காதே. ஞாயிற்றுக்கிழமையாக வேறு வந்து வசமாக மாட்டியிருக்கிறது. இருபத்தாறு வருஷமாக இந்த ஹோட்டலில் ஊரார் பிறந்தநாளுக்கெல்லாம் மேஜை போட்டுக் கொடுக்கிறேன். கைத்துணி மடிப்பதிலிருந்து பூ வைப்பது வரை என் கண் படாமல் ஒரு விருந்து இங்கே நடந்ததில்லை. சொந்த அக்காவுக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டதில்லை.

அதனால் நானே முடிவு பண்ணிவிட்டேன். உன் வீட்டுத் தோட்டத்தில், எலுமிச்சை மரத்தடியில், நாற்பது பேருக்கு ஒரு பிரஞ்ச். காலை பத்தரைக்கு ஆரம்பித்து ஒன்றரைக்கு முடியும். வெள்ளை விரிப்பு, கண்ணாடி ஜாடியில் பூ, பழச்சாறு, நாலு வகை ரொட்டி, மூன்று வகை முட்டை, நடுவில் பெரிய கேக். உன் பழைய மாணவர்கள், பள்ளிக்கூடத்து டீச்சர்கள், அக்கம்பக்கத்தார். கடைசியில் நீ எழுந்து நின்று நாலு வார்த்தை பேச வேண்டும். மைக்செட் டீச்சர் என்று பிள்ளைகள் உனக்குப் பேர் வைத்தது சும்மாவா? நீ ஒன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு சொன்னால் அடுத்த கட்டடத்துப் பிள்ளைகள் சேர்ந்து சொல்லுமே.

உன் முதல் மாணவி நான்தான், ஞாபகம் இருக்கிறதா? எனக்கு நாலு வயது, உனக்குப் பதிமூன்று. மாடிப்படியில் என்னை உட்காரவைத்து, ஒரே ஒரு பிள்ளைக்கு வருகைப் பதிவு எடுப்பாய். நான் எழுந்து கையைக் கட்டி நின்று "உள்ளேன் டீச்சர்" என்று கத்த வேண்டும். சில நாள் பொம்மையைத் தூக்கிக்கொண்டு நான் ஓடி வருவதற்குள் "ஆப்சென்ட்" என்று போட்டுவிடுவாய். அன்று முழுக்க அழுவேன்.

உன்னைப் பார்த்து எட்டு வருஷம் ஆகிறது. நம் இருவருக்கும் உள்ள ஏற்பாட்டை நான் மீறவில்லை. போன் இல்லை, கடிதம்தான். ஆனால் மே மாதம் நேரில் வருவேன். நேரில் வந்தால் பேசித்தானே ஆக வேண்டும்?

அத்தானுக்கு என் வணக்கம். உடனே பதில் போடு.

பாசத்துடன்,
கடுகு


ஜனவரி 27

அன்புக் கடுகுக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. முழங்கால் பரவாயில்லை. அத்தான் சுகம், ரொட்டித் துண்டைக்கூட இப்போது அளந்துதான் வெட்டுகிறார். உன் இடுப்பைக் கவனி. நாற்காலியை நீயே தூக்காதே, ஆள் வைத்துத் தூக்கு.

காலைச் சாப்பாட்டோடும் சேராமல் மதியச் சாப்பாட்டோடும் சேராமல் பத்தரை மணிக்கு ஒரு சாப்பாடா? எங்கள் பள்ளிக்கூடத்தில் அதற்குப் பேர் சின்ன இடைவேளை. பிள்ளைகள் ஒன்றுக்குப் போய்விட்டு வருவார்கள், அவ்வளவுதான். அதற்கு வெள்ளை விரிப்பெல்லாம் நாங்கள் போட்டதில்லை.

வேண்டாம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். இரண்டு முறை எழுதியும்விட்டேன். பிறகு, உன்னைப் பார்க்க எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது என்று தோன்றியது. சரி, வா.

ஆனால் சில விஷயங்களை இப்போதே சொல்லிவிடுகிறேன். கேக் வை, மெழுகுவர்த்தி வேண்டாம். பேச்சு வேண்டாம். அப்புறம், அன்றைக்குக் கழுத்தில் ஒரு துணி சுற்றிக்கொண்டிருப்பேன். வெயில் காலத்தில் இது என்ன வேஷம் என்று நாலு பேர் முன்னால் கேட்டு வைக்காதே.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 5

என் அருமை அக்காவுக்கு,

நீ "சரி" என்று எழுதியதை மூன்று தரம் படித்தேன். இடுப்பு வலி போன இடம் தெரியவில்லை. உனக்கும் அத்தானுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லையே?

கழுத்தில் துணி சுற்றிக்கொள், தலையில் பானை வேண்டுமானாலும் கவிழ்த்துக்கொள், நான் கேட்கவே மாட்டேன். ஸ்டைல் என்றால் அப்படித்தான். துணியின் நிறத்தை மட்டும் சொல், அதே நிறத்தில் கைத்துணி போடுகிறேன். மெழுகுவர்த்தி வேண்டாம் என்றால் எப்படி? கேக்கை வெட்டுவதற்கு முன்னால் நாற்பது பேரும் என்ன செய்வார்கள், வாய் பார்த்துக்கொண்டு நிற்பார்களா? அதைப் பற்றி நாம் பிறகு சண்டை போடுவோம்.

இப்போது எனக்கு மூன்று வேண்டும். ஒன்று, அத்தானிடம் சொல்லித் தோட்டத்தின் வரைபடம். முப்பது வருஷத்துக்கு மேல் வரைபட ஆபீசில் உட்கார்ந்தவர், மரம் எங்கே, குழாய் எங்கே, எந்தப் பக்கம் எத்தனை மணிக்கு நிழல் என்று போட்டுக் கொடுக்கட்டும். இரண்டாவது, என்ன பூ? உனக்கு வாசனை தூக்கலாக இருந்தால்தானே பிடிக்கும். மூன்றாவது கொஞ்சம் பெரிய ஆசை. மெனுவை முடிவு செய்ய ஒரே ஒரு முறை போன் செய்யட்டுமா? பத்து நிமிஷம். முட்டையைப் பற்றி மட்டும்தான் பேசுவேன், சத்தியமாக.

பதிலுக்கு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
கடுகு


மார்ச் 1

கடுகுக்கு, அக்கா எழுதுவது.

நாங்கள் நலம். பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே.

வரைபடம் இத்துடன் இருக்கிறது. நாலு நாள் அத்தான் தோட்டத்தில் நாடாவைப் பிடித்துக்கொண்டு அலைந்தார். செடிக்குத் தண்ணீர் விடக்கூட என்னை உள்ளே விடவில்லை. முப்பத்தாறு அடிக்கு இருபத்திரண்டு. பதினோரு மணிக்கு நிழல் எங்கே விழும் என்று கோடு கோடாகப் போட்டிருக்கிறார். அவருக்குத் தெரிந்ததை விடாமல் எல்லாவற்றையும் போட்டுவிட்டார்.

பூ உன் இஷ்டம். வாசனை எனக்கு இப்போது பெரிய விஷயமில்லை. கண்ணுக்கு நன்றாக இருந்தால் போதும். கழுத்துத் துணி வெளிர் நீலம்.

போன் வேண்டாம், கடுகு. எழுதிப் பழகிவிட்டோம். அது அப்படியே இருக்கட்டும். முட்டையை நீ எப்படி வேண்டுமானாலும் செய்.

நான் ஓய்வு பெற்று ஒன்றரை வருஷம் ஆகிறது. பத்து மணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பள்ளிக்கூட மணி கேட்டால் இன்னும் எழுந்து நிற்கிறேன். அத்தான் பார்த்துச் சிரிப்பார். அப்புறம் சிரிக்க மாட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மார்ச் 10

அன்புள்ள அக்கா,

நலமா? போன் விஷயத்தில் மூக்கு உடைந்ததுதான். பரவாயில்லை, துடைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அத்தானின் வரைபடத்தை எங்கள் விருந்து மண்டபத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். சமையல் தலைவர் வந்து பார்த்துவிட்டு, "என்னம்மா இது, விருந்தா, பாலம் கட்டறீங்களா?" என்று கேட்டார். குழாய், வாளி, எறும்புப் புற்று வரை போட்டிருக்கிறாரே மனிதர்! நீள மேஜையின் தலைமாட்டில் உன் நாற்காலி. அதற்கு முன்னால் முப்பதுக்கு இருபது என்று ஒரு பலகை போட்டிருக்கிறார். நல்ல யோசனை. மெனுவை எழுதி நிற்க வைக்கத்தானே? அதற்கு வெள்ளை ரிப்பன் கட்டுகிறேன்.

இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன், திட்டாதே. மைக் சொல்லியாகிவிட்டது. மைக்செட் டீச்சருக்கு அறுபதாவது வயதில் உண்மையிலேயே ஒரு மைக்! உன் பழைய மாணவர்கள் ஏழெட்டுப் பேருக்கு எழுதினேன். எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள், டீச்சர் பழையபடி வருகைப் பதிவு எடுக்க வேண்டுமாம், அவர்கள் எழுந்து நின்று "உள்ளேன் டீச்சர்" சொல்வார்களாம். பேச்சு வேண்டாம் என்றாய், சரி. பேர் கூப்பிடுவது பேச்சில் சேராது.

கடைசியில் என் பேரையும் கூப்பிடு. அதற்காகத்தான் வருகிறேன் என்று வைத்துக்கொள்.

ஆவலுடன்,
கடுகு


மார்ச் 17

கடுகுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

மைக்கை இன்றைக்கே வேண்டாம் என்று சொல்லிவிடு. நான் பேர் கூப்பிட மாட்டேன். பிள்ளைகளுக்கும் எழுதிவிடு. மைக் வந்தால் விருந்து இல்லை. இதற்கு மேல் இதைப் பற்றி எழுதாதே.

பலகை மெனுவுக்கு என்றே வைத்துக்கொள்.

அக்கா


மார்ச் 24

அக்காவுக்கு,

நலம் விசாரித்து எழுத இன்று மனம் வரவில்லை. இருந்தாலும், நலமாக இரு.

மெழுகுவர்த்தி வேண்டாம். பேச்சு வேண்டாம். போன் வேண்டாம். மைக் வேண்டாம். வாசனை பெரிய விஷயமில்லை. எல்லாக் கடிதத்தையும் எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு கதவைச் சாத்தியிருக்கிறாய். நான் மடச்சி, ரிப்பன் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

எனக்குத் தெரியும், இது மைக் விஷயம் இல்லை. அம்மா விஷயம். எட்டு வருஷமாக நாம் இருவரும் எழுதாமல் வைத்திருப்பதை நானே எழுதுகிறேன். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது எனக்கு இங்கே நானூறு பேர் கல்யாணம். இரண்டு நாள்தானே என்று நினைத்தேன். நான் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. திரும்பி வந்த பிறகு நீ போனில் சொன்னாய்: "அம்மா கண்ணத் திறந்து யார் யார் வந்திருக்கான்னு கேட்டாங்க. நீ ஆப்சென்ட். அதான் சொன்னேன். உனக்குத் தட்டு அடுக்கத்தானே நேரம் இருக்கு." அந்த வார்த்தையை நீ எங்கிருந்து எடுத்தாய் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அதனால்தான் அப்படிக் கத்தினேன்: "இனி செத்தாலும் உன் குரலைக் கேட்க மாட்டேன்!" போனையும் வைத்துவிட்டேன்.

ஐந்து மாதம் கழித்து உன் கடிதம் வந்தது. "குரல்தானே வேண்டாம் என்றாய், எழுத்து பரவாயில்லையா?" என்று ஒரே வரி. அதைப் பார்த்து நடுக்கூடத்தில் நின்று அழுதேன். நீ மன்னித்துவிட்டாய் என்று நினைத்தேன். மன்னிக்கவில்லை. பிள்ளைகள் எல்லோர் முன்னாலும் நீ என் பேரைக் கூப்பிட வேண்டும், நான் பதில் சொல்ல வேண்டும், அதற்காகத்தான் இத்தனை விரிப்பும் பூவும். உனக்கு அதுகூடக் கசக்கிறது.

நான் வரவில்லை. விரிப்புகளைப் பார்சலில் அனுப்பிவிடுகிறேன். நீயும் அத்தானும் நன்றாக இருங்கள்.

கடுகு


ஏப்ரல் 20

கடுகுக்கு,

அத்தான் எழுதுவது. கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் கடிதம் வந்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. உன் அக்கா நாலு முறை பதில் எழுதி நாலையும் கிழித்துவிட்டாள். சரியாகச் சாப்பிடுவதில்லை.

உன்னிடம் ஒரு விஷயத்தைச் சொல்லக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறாள். நான் சொல்லப் போவதில்லை. ஆனால் முன்பு அனுப்பிய வரைபடத்தில் விளக்கக் குறிப்பு போடாமல் விட்டுவிட்டேன். அவள் பக்கத்தில் நின்றதால் விட்டேன். முப்பத்திரண்டு வருஷத்தில் குறிப்பு இல்லாமல் ஒரு தாளை நான் வெளியே கொடுத்ததில்லை. அன்றிலிருந்து மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. திருத்திய குறிப்பைக் கீழே எழுதியிருக்கிறேன்.

1. நீள மேஜை, 24 அடி.
2. எலுமிச்சை மரம். பதினோரு மணி நிழல் மேற்குப் பக்கம்.
3. தண்ணீர்க் குழாய். அன்று மூடி வைக்கப்படும்.
4. அவளுடைய நாற்காலி. புகையும் தூசியும் வராத பக்கம்.
5. பலகை, 30 x 20 செ.மீ. அவள் பேசுவதற்கு.
6. சிறு மேஜை. தொண்டைத் துளையை மூடும் துணி, சுத்தமான பஞ்சு, தண்ணீர்.
7. உன் நாற்காலி. அவளுக்கு வலது கைப்பக்கம், பலகையைப் படிக்க வசதியாக.

ஏழாவதை நான் இன்னும் அழிக்கவில்லை.

அத்தான்


ஏப்ரல் 22

என் கடுகுக்கு,

அத்தான் தபால் பெட்டியிலிருந்து திரும்பி வந்ததும் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டேன். அவருக்குப் பொய் சொல்ல வராது, பாவம். நகலைக் காட்டினார். சண்டை போட்டேன். ஒரு பலகை பூரா எழுதித் துடைத்து எழுதித் துடைத்துச் சண்டை போட்டேன். பிறகு இருவரும் உட்கார்ந்து காபி குடித்தோம்.

நானே சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்கிறேன். முதலில் குரல் கம்மியது. சாக்பீஸ் தூசி என்று மிட்டாயைச் சப்பிக்கொண்டு ஒரு வருஷம் பாடம் நடத்தினேன். பிறகு காட்டியபோது குரல்வளையில் கட்டி, நல்ல கட்டி இல்லை. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாகத்தான் மூச்சு. மூக்கு வழியாகக் காற்றுப் போவதில்லை, அதனால் பூ மணப்பதில்லை. வாயால் ஊத வராது, அதனால் மெழுகுவர்த்தி வேண்டாம் என்றேன். சூடான காபியைக்கூட ஆறவிட்டுத்தான் குடிக்கிறேன். கட்டி திரும்ப வரவில்லை என்று போன மாதம் சொன்னார்கள். ஓய்வு வாங்கியது முழங்காலுக்காக இல்லை.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். நீ அன்றைக்குச் சொன்னதுதான். தெரிந்தால் உன் வாக்குப் பலித்துவிட்டது என்று நீ நொறுங்கிப் போவாய். ஒரு வார்த்தைக்காக வாழ்நாள் முழுக்க உன்னையே தின்பாய். உன்னை எனக்குத் தெரியாதா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நல்லவள் வேஷம் போட்டு எனக்கு அலுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் முதல் வாரம் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வாயைத் திறந்தால் ஒன்றும் வராமல் படுத்துக்கொண்டு, "சொன்னாளே பாவி, சொன்ன மாதிரியே ஆக்கிவிட்டாளே" என்று உன்னைத் திட்டினேன். சத்தமில்லாமல் திட்டினேன். பிறகு வெட்கமாகப் போயிற்று. அந்த வெட்கமும் சேர்ந்துதான் என்னை எழுதவிடவில்லை.

விருந்துக்கு ஏன் சரி என்றேன் தெரியுமா? நேரில் வந்துவிட்டால் உன்னால் ஓட முடியாது. என் கண்ணைப் பார்த்தால் கோபம் இல்லை என்று உனக்குத் தெரிந்துவிடும். அதற்குள் நீ மைக் சொல்லிவிட்டாய்.

அறுவைக்கு முதல் நாள் நர்ஸ் வந்து சொன்னாள்: "டீச்சர், பத்து நிமிஷம் ஏதாவது பேசி வைங்க. அப்புறம் வீட்ல ஆசைப்படுவாங்க." பேசி வைத்தேன். ஒரு சின்னக் கருவியில் அத்தானிடம் இருக்கிறது. அது உனக்கு. அவர்கூட இதுவரை போட்டுக் கேட்கவில்லை. கேட்பதும் கேட்காததும் உன் இஷ்டம். இதைக் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை.

வா, கடுகு. விரிப்பைப் பார்சலில் அனுப்பாதே, கையில் கொண்டு வா.

அக்கா


ஏப்ரல் 30

அக்கா,

உன் கடிதமும் அத்தான் கடிதமும் ஒரே நாளில் வந்தன. முதலில் அத்தான் கடிதத்தைத்தான் பிரித்தேன். ஐந்தாவது குறிப்புக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. சமையல் தலைவர் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார்.

போனை எடுத்து உன் எண்ணைப் போட்டேன். மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். நீ எடுத்தாலும் என்ன சொல்ல முடியும் என்று அப்போதுதான் உறைத்தது.

நான் சொன்னதால் வந்ததில்லை என்று எனக்கும் தெரியும். என்னைத் தின்பது அது இல்லை, அக்கா. எட்டு வருஷத்தில் ஆறு வருஷம் உனக்குக் குரல் இருந்தது. தினமும் அந்தக் குரல் அங்கே இருந்தது. எண்ணைப் போட்டால் போதும். கடிதமே நன்றாகத்தானே இருக்கிறது என்று இருந்துவிட்டேன். அந்த ஆறு வருஷத்தை எங்கே போய்க் கேட்பேன்?

மைக் வேண்டாம் என்று சொல்லியாயிற்று. மெழுகுவர்த்தி இல்லை. ஊதிக் குடிக்க வேண்டுமே என்று சூப்பையும் மெனுவிலிருந்து எடுத்துவிட்டேன். பூவெல்லாம் மஞ்சளும் சிவப்புமாகக் கண்ணைப் பறிக்கிற மாதிரி வைக்கிறேன். பலகைக்கு ரிப்பன் கட்டட்டுமா, வேண்டாமா, நீயே சொல். பத்தாம் தேதி மதியம் வருகிறேன்.

ஏழாவது குறிப்பை அழிக்க வேண்டாம் என்று அத்தானிடம் சொல்.

கடுகு


ஜூன் 9

என் அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். வந்ததும் இரண்டு பெரிய கல்யாணம், மூச்சுவிட நேரமில்லை; இன்றுதான் எழுத உட்கார்ந்தேன். உன் இருமல் குறைந்ததா? குளிக்கும்போது துளைக்குள் தண்ணீர் போகாமல் மறைத்துக்கொள்கிறாய் அல்லவா?

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். விருந்துக்கு இரண்டு நாள் முன்பு கைத்துணி மடிப்பைப் பற்றி நாம் சண்டை போட்டோமே. நீ பலகையில் ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் நான் மூன்று வரி கத்திவிட்டேன். நீ பாதியில் துடைத்துவிட்டு உள்ளே போனாய். அந்தப் பாதி வரியில் என்ன எழுத வந்தாய் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த முறை நீ எழுதி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பேன். முயற்சி செய்வேன்.

விருந்து நான் நினைத்த மாதிரி நடக்கவில்லை. நாற்பது பேரில் முப்பத்து நாலு பேர்தான் வந்தார்கள். விரிப்பு காற்றில் தூக்கிப் பழச்சாற்றைக் கவிழ்த்தது. பாதிப் பேர் உன் கழுத்தைப் பார்த்தார்கள், மீதிப் பேர் கழுத்தைப் பார்க்காமலிருக்கப் பாடுபட்டார்கள். உங்கள் தலைமையாசிரியை உன் காதருகே வந்து, "டீச்சர், எப்படி இருக்கீங்க?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினாரே. நீ பலகையில் "காது இருக்கிறது" என்று எழுதிக் காட்டியதும் நான் சிரிப்பை அடக்க மேஜைக்கு அடியில் ஸ்பூனைத் தேட வேண்டியதாயிற்று.

கேக் விஷயத்துக்கும் மன்னித்துவிடு. வேண்டாம் என்று நூறு தரம் சொல்லியும் பேக்கரிக்காரர் பழக்க தோஷத்தில் ஆறும் சைபருமாக மெழுகுவர்த்தி குத்தி, நான் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் பற்ற வைத்துவிட்டார். எல்லோரும் கைதட்டி, நீ ஊதுவதற்காகக் காத்திருந்தார்கள். இருபத்தாறு வருஷம் விருந்து நடத்தியவள், காலில் வேர் விட்ட மாதிரி நின்றுவிட்டேன். நீ நிதானமாகப் பலகையை எடுத்தாய். ஏதோ எழுதப் போகிறாய் என்று நினைத்தேன். ஒரே வீசு! ஆறும் அணைந்தது, சைபரும் அணைந்தது, பேக்கரிக்காரர் சட்டையெல்லாம் கிரீம். ஒன்றாம் வகுப்பில் கடைசி பெஞ்சை அடக்கிய அதே முகம்.

இப்போது அந்தக் கருவி விஷயம்.

கிளம்பும்போது அத்தான் ஒரு உறையில் போட்டுக் கொடுத்தார். உறை மேல் "குறிப்பு 8" என்று எழுதியிருந்தார். பத்து நாள் பெட்டியிலேயே வைத்திருந்தேன். கேட்க மாட்டேன் என்று ஒரு காலத்தில் சொன்னவள், கேட்கப் பயந்துகொண்டு இருந்தேன். நேற்று மதியம் இரண்டு விருந்துக்கு நடுவில், விரிப்பு அடுக்கும் அறையில் தனியாக இருந்தபோது காதில் வைத்தேன்.

குரல் கரகரவென்று இருந்தது. ஆனாலும் நீதான். அறிவுரை சொல்வாய், விடைபெறுவாய், அம்மாவைப் பற்றிப் பேசுவாய் என்றெல்லாம் எதிர்பார்த்தேன். நீ வருகைப் பதிவு எடுத்தாய். கடைசி வருஷத்து ஒன்றாம் வகுப்பு, முப்பத்தொரு பிள்ளைகள், பதிவேடு இல்லாமல் மனப்பாடமாக. ஒவ்வொரு பேரையும் கூப்பிட்டுவிட்டு, அந்தப் பிள்ளை "உள்ளேன் டீச்சர்" சொல்வதற்காக நின்றாய். ஆஸ்பத்திரி அறையில் யார் பதில் சொல்வார்கள்? இருந்தாலும் ஒவ்வொரு முறையும் நின்றாய். தூரத்தில் யாரோ தள்ளுவண்டி தள்ளுகிற சத்தம் கேட்டது.

முப்பத்தொன்றும் முடிந்தது. முடிந்தது என்று நினைத்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, "கடுகு" என்றாய்.

நின்றாய். "கடுகு, வந்தாச்சா?"

மறுபடியும் நின்றாய், மற்றவர்களுக்கு நின்றதைவிட ரொம்ப நேரம். நர்ஸ், "யாரு டீச்சர் அது?" என்று கேட்பது கேட்டது. நீ சொன்னாய்: "என் தங்கச்சி. அவ எப்பவும் லேட்டாத்தான் வருவா. ஆப்சென்ட் போடல, இடம் விட்டு வச்சிருக்கேன்."

அதோடு முடிந்துவிட்டது.

மடித்த விரிப்புகளுக்கு நடுவில் எழுந்து நின்றேன் அக்கா. கையைக் கட்டிக்கொண்டு, மாடிப்படியில் நின்ற மாதிரியே. எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. சலவைக்காரர் கதவைத் திறந்து, "என்னைக் கூப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

இந்தக் கடிதத்தை அத்தானிடம் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல். கடைசி வரியை மட்டும் அவர் கொஞ்சம் கத்திப் படிக்க வேண்டும்.

உள்ளேன் டீச்சர்.

கடுகு